செவப்புக் கிளி கோயிலுக்கு அடுத்த லயம்

அந்தச் சத்தம் இன்னமும் எங் காதுக்குள்ளதான் இருக்கு தங்கச்சி. மொதல்ல தூரத்துல யாரோ தப்பு அடிக்கிற மாதிரி இருந்துச்சு. கிட்ட வர வர லயத்து வீட்டுக் கூரைத் தகரமெல்லாம் படபடன்னு அடிச்சுக்க ஆரம்பிச்சிருச்சு. மீரியபெத்தையில மண்ணு சரிஞ்ச வருசம் அது. அந்தப் பக்கம் போன ஹெலிகொப்டர் எங்க மலைக்கு மேல ரொம்பத் தணிவா வந்துச்சு. எங்களுக்கு என்னா தெரியும்? நம்ம மலையும் எறங்குதுன்னு நெனச்சு, அடுப்புல இருந்தத அப்படியே போட்டுட்டு எல்லாரும் வெளிய ஓடியாந்துட்டோம். எம் மகன் நிருபனும் நீங்க தேடி வந்திருக்கீங்களே அந்த மயூரியும் அப்ப ஒரே வகுப்பு. மயூரி என்னா செஞ்சான்னு நெனக்கிறீங்க? ரெண்டு காதையும் பொத்திகிட்டு, எஞ் சீலைக்குள்ள தலைய விட்டுகிட்டு ஓன்னு அழுகுறா. எம் மகன் வாசலுக்கு நடுவுல போயி நின்னு கைய ஆட்டுறான். அம்மா, நான் பெரிசானா இதத்தான் ஓட்டுவேன்னு சொன்னான்.

சொன்னது அவன். இப்ப பிளேன் ஓட்டுறது அவ.

இல்ல இல்ல, உக்காருங்க. இப்ப போயி என்னா செய்யப் போறீங்க? அவங்கம்மா பாக்கியம் தேயில மலைக்குப் போயிருக்கா. கொழுந்து நிறுத்துக் குடுத்துட்டு வந்தாத்தான் உண்டு. எனக்கு இன்னைக்கு முழங்கால் வலி, அதான் வேலைக்குப் பேரு குடுக்கல. இந்த இஸ்தோப்புத் திண்ணையிலயே இருங்க, மழையும் தூத்துது. பிளேன்டீ ஊத்துறேன். சீனிய டீயில போட்டா, இல்ல கடிச்சுக்கக் கையில குடுக்கவா? எந்தப் பக்கம் நீங்க? லுணுகலையா. அங்கருந்தா பஸ் மாறி மாறி வந்தீங்க? வழி யாரு சொன்னா? செவப்புக் கிளி கோயிலத் தாண்டி அடுத்த லயம்னு சொல்லியிருப்பாங்க. எல்லாருக்கும் அப்படித்தான் சொல்றாங்க.

பாத்தீங்களா அந்தக் கிளிய? வாசலுக்கு மேல சிமெந்துல மீனாட்சி அம்மன் நிக்கிறா, கையில செவப்பா கிளி. ஊர் ஒலகத்துல எங்கயும் பாத்திருக்க மாட்டீங்க. அது எங்கப்பா அடிச்ச பெயின்ட். தம்பையான்னு பேரு. தேயிலச் செடி கவ்வாத்து வெட்டப் போற மனுசன், கை சுத்தம்னு அவருகிட்ட தூரிகையக் குடுத்திருக்காங்க. சீலைக்குச் செவப்பு, கிளிக்குப் பச்சன்னு ரெண்டு டப்பா. அவரு மாத்தி அடிச்சுட்டாரு. அம்மனுக்குப் பச்சச் சீல, கிளி செவப்பு. கீழ எறங்கி வந்து, எப்படி இருக்குன்னு வேற கேட்டாராம். சாராயம் உள்ள போயிருச்சு தம்பையாவுக்குன்னு எல்லாரும் சிரிச்சிருக்காங்க. பூசாரிதான், விடுங்கப்பா, அம்மனே ஆசப்பட்டுச் செவப்பு வாங்கிக்கிட்டான்னு சொல்லி வாய அடச்சாரு. அப்புறம் அதுவே பழக்கமாப் போச்சு. வருசா வருசம் திருவிழாவுக்கு முன்னால கிளிக்குச் செவப்பே அடிப்பாங்க. நேத்திக்கடன்னா செவப்புத் துணியில சின்னதா கிளி தச்சு வாசல்ல கட்டணும். பரீட்ச எழுதப் போற புள்ளைங்க, வெளிநாட்டுக்குப் போற பொம்பளைங்க, எல்லாரும் கட்டுவாங்க. மழையில நனஞ்சு வெளுத்துப் போயி எத்தன கிளி தொங்குது பாருங்க போகும்போது.

ஒங்க அப்பா என்னா வேல பாத்தாரு தங்கச்சி? பஸ் ஓட்டுனாரா. பதுள ரூட்டா? சரி சரி. ஒன்னுமில்ல, சும்மாதான் கேட்டேன்.

மகன் பேரு என்னான்னு சொன்னீங்க, சுபாஸா. நல்ல பேரு. பைலட்டாகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறானாக்கும். மயூரியப் பத்திப் பேப்பர்ல பாத்துட்டு, எப்படி ஆகுறதுன்னு அவங்க வீட்டுல கேட்டுட்டு வாங்கன்னு ஒங்கள அனுப்பி வச்சிருக்கான். பாக்கியத்துகிட்ட கேட்டா என்னா சொல்லுவா தெரியுமா? எல்லாம் அம்மன் புண்ணியம்னு சொல்லுவா. அவளுக்கு அதுக்கு மேல ஒன்னும் தெரியாது. மக என்னா படிச்சான்னு கேட்டா, பிளேன் படிச்சான்னு சொல்லுவா.

நான் சொல்றேன் கேளுங்க.

மொதல்ல ஓஎல் பரீட்ச. இங்கிலீசு, கணக்கு, விஞ்ஞானம், இந்த மூணும் நல்லா வரணும். அதுக்கு மேல ஏஎல் படிப்புல கணிதம் செஞ்சா இன்னும் நல்லம், பௌதிகவியல் தெரியாம காத்து எப்படிப் பிளேனத் தூக்குதுன்னு வெளங்காது. ஆமா, றெக்கைக்கு மேல ஓடுற காத்து ஒரு மாதிரி, கீழ ஓடுற காத்து ஒரு மாதிரி. ஒரு கடுதாசித் துண்ட வாய்க்கிட்ட வச்சு மேலாக ஊதிப் பாருங்க, அது தானா தூக்கும். நிருபன் எனக்கு இந்த எடத்துலதான் ஊதிக் காட்டுனான். அப்புறம் இரத்மலானையில பறக்கப் பழக்குற பள்ளிக்கூடங்க இருக்கு. அங்க சேந்தா சின்ன பிளேன், முன்னுக்கு ரெண்டு பேர் உக்காருற மாதிரி. கூட சொல்லிக் குடுக்குற சேர் ஒருத்தரு இருப்பாரு. ஒரு நாள் அவரு எறங்கிக்குவாரு, நீங்க மட்டும் தனியா ஏறிப் போயிட்டு எறங்கணும். அன்னைக்கு யாருக்கும் தூக்கம் வராதாம். அப்புறம் பரீட்ச. காத்து, மழ, மேகம் பத்தி ஒன்னு, வழி பாக்குறது பத்தி ஒன்னு, சட்டம் ஒன்னு. ரேடியோவுல பேசுறதெல்லாம் இங்கிலீசு, அதுலயும் பேச்சு சுருக்கா இருக்கணும், இந்தா நான் பேசுற மாதிரி பேசுனா பிளேன் வுழுந்துரும்.

சும்மா ஓட்ட ஒரு லைசன், சம்பளத்துக்கு ஓட்ட பெரிய லைசன். எத்தன மணித்தியாலம் வானத்துல இருந்தீங்கங்குறதுதான் அங்க கணக்கு. எங்களுக்குக் கொழுந்து நிறுவை மாதிரி. மேகத்துக்குள்ள போனா வெளிய ஒன்னும் தெரியாது, முன்னால இருக்குற மீட்டர் முள்ள மட்டும் பாத்து ஓட்டணும். அதுக்கும் தனியா ஒரு லைசன். எல்லாம் முடிச்சாலும் கம்பனியில எடுக்கணும். எடுத்தா அவங்க பிளேனுக்குன்னு மறுபடியும் ஒரு படிப்பு. இல்லன்னா எயார்ஃபோர்ஸ்ல சேந்து போகலாம், அது வேற வழி, காலையில எழுப்பி ஓட விடுவாங்க. காசப் பத்தி நான் சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க இந்த டீயக் குடிக்காமயே எந்திரிச்சுப் போயிருவீங்க.

சிரிக்கிறீங்க. கொழுந்து எடுக்குற பொம்பள இதெல்லாம் பேசுறாளேன்னு பாக்குறீங்க. பக்கத்துல உக்காந்து ஒருத்தன் வருசக் கணக்கா சத்தமா படிச்சா, செவுத்துக்கும் மனப்பாடமாகும்.

அந்த பேனர் துணிய நீங்க பாக்கல போல. இந்தா, எம் மண்டைக்கு மேலதான் தொங்குது. எங்கள் தோட்டத்தின் முதல் விமானின்னு எழுதி, தொப்பி போட்டுகிட்டு மயூரி சிரிக்கிறா. ரோட்டுப் பக்கம் செவுரு எங்க வீட்டுக் காம்பராவுக்குத்தான் இருக்கு, அதனால இங்கயே ஆணி அடிச்சுட்டாங்க. கேட்டாங்களா? கேட்டாங்க. மாட்டேன்னு சொல்ல முடியுமா? காத்தடிச்சா அது ராப்பகலா தட்டிகிட்டே கெடக்கும். வர்றவங்க போறவங்க எல்லாம், மயூரி அம்மா நீங்களான்னு எங்கிட்ட கேப்பாங்க. இல்லைன்னு சொல்லிச் சொல்லி வாய் நோவுது. ஒரு நாள் ஒரு வயசான ஆள்கிட்ட ஆமான்னு சொல்லிட்டேன். நல்லா வளத்திருக்கீங்கம்மான்னு கும்புட்டுட்டுப் போனாரு.

பொறாமதான் தங்கச்சி. ஒங்ககிட்ட என்னா மறைக்க. நீங்க இன்னைக்குப் போனா நாளைக்கு வரப் போறீங்களா.

மலையில நானும் பாக்கியமும் பக்கத்துப் பக்கத்து நெர. கல்யாணமாகி வந்த காலத்துலருந்து அப்படித்தான். அவ எஞ் சோத்துல கை வைப்பா, நான் அவ சம்பல்ல கை வைப்பேன். இப்ப என்னாடான்னா, மேல பிளேன் சத்தம் கேட்டா கூடைய எறக்கி வச்சுட்டு அண்ணாந்து பாக்குறா. மயூரியா இருக்கும்னு சொல்லிக் கையாட்டுறா. அது எங்கயோ சிங்கப்பூருக்குப் போற பிளேனா இருக்கும். அவ மக இருக்குறது ஒரு சின்னக் கம்பனி, இந்தப் பக்கமே வர மாட்டா. அதுவும் எடது பக்கம் பெரிய பைலட்டு உக்காந்திருப்பாரு, இவ வலது பக்கம். ஆனா நெரயில உள்ள அத்தன பொம்பளைங்களும் சேந்து கையாட்டுறாளுங்க. கங்காணி கூட ஆட்டுறாரு. நான் மட்டும் குனிஞ்சு கொழுந்து எடுப்பேன். போன மாசம் ஒரு நாள், என் கையும் தன்னால மேல போயிருச்சு. யாரும் பாக்குறதுக்குள்ள முக்காட்டச் சரி பண்ணுற மாதிரி எறக்கிட்டேன்.

அவ எப்படிப் போனான்னா கேக்குறீங்க? எங்க காசு இருந்துச்சு அவங்களுக்கு. பழைய வெள்ளக்காரத் தொரையோட பேத்தி ஒருத்தி லண்டன்லருந்து பங்களாவப் பாக்க வந்தா. வயசான பொம்பள, தொப்பியும் தடியுமா. சுத்திக் காட்ட இங்கிலீசு தெரிஞ்ச ஆள் வேணும்னு பங்களாவுலருந்து சொல்லி அனுப்புனாங்க. போனது எம் மகன். ஏஎல் முடிச்சுட்டு சும்மா இருந்தான் அப்ப. ரெண்டு நாளா அவளக் கூட்டிகிட்டு தேயில ஸ்டோர், மலை, கோயில் எல்லாம் காட்டுனான். கிளி ஏன் செவப்புன்னு அவளும் கேட்டாளாம், இவன் எங்கப்பா கதையச் சொல்லி சிரிக்க வச்சிருக்கான். நீ என்னாவாகப் போறன்னு கேட்டிருக்கா. சொல்லிட்டான். ஊருக்குப் போயி ஒரு மாசத்துல தகவல் வந்துச்சு, படிப்பு செலவு முழுக்க அவங்க குடும்பம் பாத்துக்கும்னு.

அன்னைக்கு இந்த லயமே எங் காம்பராவுலதான் நின்னுச்சு. பாக்கியம் எனக்கு முன்னால அழுதா, சந்தோசத்துல. நெசமாத்தான் அழுதா, அதச் சொல்லணும். நிருபனுக்குக் கட்டச் சொல்லி செவப்புக் கிளி தச்சுக் குடுத்தது அவதான். அவன் கட்டிட்டு கொழும்புக்குப் போனான். ஒரு கெழமையில திரும்பி வந்துட்டான்.

ஏன் வந்தான்னா? சொல்றேன். இருங்க, டீ ஆறுது, குடிங்க.

வந்த மூணாவது நாள் பங்களாவுக்குப் போயி லண்டனுக்குப் பேசியிருக்கான். எனக்கு முடியாது, ஆனா எங்க லயத்துல மயூரின்னு ஒரு புள்ள இருக்கா, என்னவிட கணக்குல கெட்டிக்காரி, அவள எடுங்கன்னு சொல்லியிருக்கான். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அவளுக்கு அப்படி ஒரு நெனப்பே கெடையாது தங்கச்சி. டீச்சராகணும்னு இருந்தவ. காதப் பொத்துனவ. இவந்தான் தன்னோட புத்தகம் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயி அவ முன்னால வச்சான். மூணு மாசம் உக்காந்து சொல்லிக் குடுத்தான். செவுத்துக்கு அந்தப் பக்கம் அவ திருப்பிச் சொல்றது எனக்குக் கேக்கும். எம் மகன் சொன்ன அதே சொல்லு, அவ கொரல்ல. நான் அடுப்ப ஊதிகிட்டே கேட்டுகிட்டு இருப்பேன். ஊதாங்கொழல தூக்கி செவுத்துல எறியலாம் போல இருக்கும்.

குடுத்துட்டானேன்னுதான். பறிச்சிருந்தா சண்ட போட்டிருப்பேன். எங் கைக்கு வந்தத எம் புள்ளயே எடுத்து நீட்டிட்டான், யாரோட சண்ட போட?

ம். இப்ப அதவிடப் பெரிசா ஒன்னு நடக்கப் போகுது. வர்ற திருவிழாவுக்குக் கோயில் முழுக்க புதுசா பெயின்ட் அடிக்கிறது மயூரியோட செலவு. பதுளையிலருந்து வந்த சிற்பக்காரரு ஏறிப் பாத்துட்டு, என்னாங்க இது, கிளி செவப்பா இருக்குறது முறையில்ல, பச்சதான் அடிக்கணும்னு சொல்லிட்டாரு. கோயில் தலைவர் கஜேந்திரன் தலைய ஆட்டிட்டாரு. பாக்கியம் எங்கிட்ட வந்து நின்னா. அக்கா, ஒங்கப்பா அடிச்சது, நீங்க சரின்னு சொன்னாத்தான்னு சொன்னா. முடியாதுன்னுட்டேன். இத்தன வருசம் செவப்பா இருந்தது இப்ப மட்டும் என்னா கெட்டுப் போச்சுன்னு கேட்டேன். விஜயாவுக்கு, அதான் எனக்கு, வயித்தெரிச்சல், அந்தப் புள்ள காசுல நடக்குதுன்னு தடுக்குறான்னு லயம் முழுக்கப் பேச்சு. பேசட்டும். வயித்தெரிச்சல் இருக்கு. ஆனா கிளிய நான் விடாததுக்குக் காரணம் அது இல்ல.

பாருங்க, மழ விட்டுருச்சு. இப்ப வந்துருவா பாக்கியம்.

தங்கச்சி, பைலட்டாகுறது எப்படின்னு எல்லாம் சொன்னேன்ல, ஒன்னு சொல்லல. சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். இன்னொருத்தி புள்ள எப்படியோ போகட்டும்னு நெனச்சேன். நீங்க அந்த டீயக் குடிச்சுட்டு கோப்பையக் கழுவி வச்சீங்க பாருங்க, அதுக்கப்புறம் மனசு கேக்கல. ஓஎல்லுக்கும் முன்னால, டியூசனுக்கும் முன்னால, எதையும் வித்து கித்து வக்கிறதுக்கும் முன்னால, சுபாசக் கூட்டிட்டுப் போயி கண்ணக் காட்டுங்க. தூரத்து எழுத்து இல்ல. அது எம் மகனுக்குக் கழுகு மாதிரி தெரியும். கலர். செவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியுதான்னு.

பைலட்டுக்குன்னு தனியா டாக்டர்மார் இருக்காங்க, அவங்க சரின்னு சொன்னாத்தான் மத்தது எல்லாம். நெஞ்சு, காது, ரத்தம் எல்லாம் பாத்து முடிச்சுட்டு கடைசியா ஒரு புத்தகத்த விரிச்சாங்களாம். பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியா இருக்குமாம். அதுக்குள்ள என்னா இலக்கம் தெரியுதுன்னு கேப்பாங்க. இலக்கம் எங்க இருக்குன்னு கேட்டிருக்கான் இவன். அடுத்த பக்கம், அடுத்த பக்கம்னு திருப்பியிருக்காங்க. புள்ளி மட்டுந்தான்.

அன்னைக்கு எனக்கு போன் எடுத்தான். சோதனையப் பத்தி ஒன்னுமே சொல்லல. அம்மா, தாத்தா அந்தக் கிளிய அடிக்கும்போது குடிச்சிருந்தாரான்னு கேட்டான். இல்லடா, அவரு சாகுற வரைக்கும் தொட்டது இல்லன்னு சொன்னேன். சரிம்மான்னு வச்சுட்டான்.

பாட்டனுக்கு இந்தக் கண்ணு கொற இருந்தா பேரனுக்கு வரலாமாம் தங்கச்சி. மக வழியாத்தான் வருமாம். மகளுக்கு ஒன்னும் செய்யாதாம். அவளுக்கு எல்லாக் கலரும் நல்லாத் தெரியும், தங்கிட்ட இருக்குன்னே தெரியாது. கூடையில என்னா இருக்குன்னு பாக்காம சுமந்துகிட்டுப் போயி கொழுந்து நிறுக்குற மடுவத்துல கொட்டுற மாதிரி கொண்டுபோயிக் குடுத்துருவாளாம். அதான் ஒங்க அப்பா என்னா வேலன்னு கேட்டேன். பஸ் ஓட்டுனவருன்னா லைசனுக்கே கண்ணு பாத்திருப்பாங்க, அநேகமா பயமில்ல. இருந்தாலும் பாருங்க.

சின்னதுல நிருபனக் காப்பிப் பழம் பறிக்க அனுப்புனா காயும் பழமுமாக் கலந்து கொண்டாருவான். அவசரக்காரப் பயன்னு எல்லாரும் சிரிச்சோம். மொதச் சம்பளத்துல எனக்குப் பச்சச் சீலைன்னு ஒன்னு வாங்கிக் குடுத்தான், அது மண்ணு கலர். கோயிலுக்குப் போனா இன்னும் அதத்தான் கட்டுறேன். பச்ச நல்லாருக்கான்னு கேப்பான். நல்லாருக்குன்னு சொல்லுவேன்.

இதெல்லாம் பாக்கியத்துக்குத் தெரியாது. எனக்கும் அவனுக்கும் மட்டுந்தான். அந்தக் கிளி செவப்பா இருக்குற வரைக்கும் அது அம்மன் ஆசப்பட்டு வாங்கிக்கிட்டது. பச்ச அடிச்சுட்டா எங்கப்பனுக்குக் கண்ணு சரியில்லன்னு ஆயிரும். அப்புறம் எம் மகன் வரைக்கும் வந்து நிக்கும். வேறொன்னுமில்ல.

ஆனா நேத்து, அடிச்சுக்கங்கன்னு சொல்லிட்டேன். எத்தன நாளைக்குப் புடிச்சுகிட்டு நிக்க. அவன்தான் வந்து, விடுங்கம்மா, எனக்கு ரெண்டும் ஒன்னுதானேன்னு சொல்லிச் சிரிச்சான்.

அந்தா, கூடையோட வர்றா பாருங்க, செவப்பு முக்காடு, அதுதான் பாக்கியம். அவ வீடா? இதேதான், இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம். நான் இவ்வளவு நேரம் ஒங்களப் புடிச்சு வச்சிருந்தேன்னு சொல்லாதீங்க. கேட்டா, எல்லாம் அம்மன் புண்ணியம்னு சொல்லுவா, கேட்டுகிட்டு வாங்க. கண்ணு விசயத்த மறந்துறாதீங்க.

நிருபனா? பண்டாரவளையில ஒரு ஹாட்வெயார் கடையில நிக்கிறான். ஆணி, பைப்பு, சிமெந்து எல்லாம் அவந்தான் பாக்குறான், மொதலாளிக்கு அவன் இல்லாட்டி கை ஒடிஞ்ச மாதிரி. பெயின்ட் கேட்டு யாராச்சும் வந்தா மட்டும் கூட நிக்கிற அஸ்ஹர் எடுத்துக் குடுப்பாரு. கிளிக்குப் பச்ச டப்பாவும் அங்கருந்துதான் வந்திருக்கு.